விமானியை யார் கண்காணிக்கிறார்கள்? டிஜிசிஏ வேலை செய்யும் விதம், படிப்படியாக

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்தது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள், விமானிகளைக் கொண்டாடினோம். அதே திருச்சியில் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 12 அதிகாலையில், 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய இன்னொரு விமானம் விமான நிலையச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டு மேலேறியது. தரையிலிருந்து தகவல் சொன்ன பிறகு அது மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டது. அதன் இரு விமானிகளும் பறக்கும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.

கொண்டாட்டமோ தண்டனையோ, இரண்டு கோப்புகளும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பிள்ளையைப் பைலட் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், விமானச் செய்தி எழுதும் நிருபர், இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் பயப்படும் பயணி ஆகிய மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விமானியின் மீதான கண்காணிப்பில் பெரும் பகுதியைச் செய்வது விமான நிறுவனமேதான். அந்த நிறுவனம் ஒழுங்காகக் கண்காணிக்கிறதா என்று பார்ப்பதே டிஜிசிஏவின் முக்கிய வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே ஆட்டம் காண்கிறது என்பது புரியும்.

படி 1: யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

செய்திகளில் அடிக்கடி குழப்புவது இதைத்தான். உரிமம், விதி, பறக்கும் பாதுகாப்பு ஆகியவை டிஜிசிஏ கையில். பயணிகளையும் பைகளையும் சோதிக்கும் பாதுகாப்பு விதிகள் பிசிஏஎஸ் எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் வசம். பெரும்பாலான விமான நிலையங்களையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். விபத்தை விசாரிப்பது ஏஏஐபி என்கிற விபத்துப் புலனாய்வு அமைப்பு. விதி போட்டவரே விபத்தையும் விசாரித்தால் தன் விதியின் ஓட்டையைத் தானே ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அதனால்தான் 2012-ல் ஏஏஐபி தனியாக உருவானது. அதுவும் அதே அமைச்சகத்தின் கீழேதான் இருக்கிறது என்ற விமர்சனம் இன்னும் ஓயவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

சட்டப் பின்னணி சுருக்கமாக: 1934-ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம், 2024 என்ற புதுச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் கீழே விதிகள். அவற்றுக்கும் கீழே, விமானிகள் தினமும் புழங்கும் ‘கார்’ எனப்படும் நடைமுறைத் தேவைகள். உரிமம், பயிற்சி, ஓய்வு, மது சோதனை என எல்லாமே இந்தக் கார் தொகுப்பில்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

இதற்கெல்லாம் மேலே ஐகாவோ. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து பிறந்த ஐ.நா. அமைப்பு இது. நாடுகளின் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பதையே இது தணிக்கை செய்யும். அமெரிக்காவின் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவும் தன் பங்குக்குப் பார்க்கும். 2014 ஜனவரியில் எஃப்ஏஏ தன் பாதுகாப்பு மதிப்பீட்டில் இந்தியாவை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறக்கியது. நம் விமானிகள் சரியில்லை என்று அது சொல்லவில்லை, டிஜிசிஏவில் கண்காணிக்கப் போதிய, தகுதியான ஆள் இல்லை என்பதே குறை. அதன் பிறகு அவசர அவசரமாக ஆள் எடுத்து, 2015 ஏப்ரலில் முதல் வகையைத் திரும்பப் பெற்றோம்.

படி 2: உரிமத்துக்கு முன்பே தொடங்கும் வடிகட்டல்

முதல் சல்லடை உடல். மாணவராகப் பறக்க இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும், சம்பளத்துக்குப் பறக்க முதல் வகுப்பு வேண்டும். இசிஜி, செவித்திறன், கண், நிறக்குருடு, ரத்தம் என்று நீளும் பட்டியல். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய்க்கு மேல் போகலாம். முதல் தவணை கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று வந்தால் பதற வேண்டாம். காரணத்தைச் சரிசெய்து மறுபரிசோதனைக்குப் போகலாம், பலர் அப்படித்தான் தேறுகிறார்கள்.

அடுத்தது எழுத்துத் தேர்வு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்தவர்கள் என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு வருவதுண்டு. டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் பதிந்து, தேர்வு எழுதுகிறவருக்கான அடையாளமான கம்ப்யூட்டர் எண் வாங்கிய பிறகு, ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தாக வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. புதுச் சட்டம் அதை டிஜிசிஏவிடம் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது பறக்கும் மணிகள். வர்த்தக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரமும் வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். கேப்டன் நாற்காலிக்குத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21 வயது, 1,500 மணி நேரம்.

இந்த மணிக்கணக்கில்தான் பழைய நோய் ஒன்று ஒளிந்திருக்கிறது. பறக்காமலேயே லாக் புத்தகத்தில் எழுதிச் சேர்க்கும் மணிகளை ‘பார்க்கர் பேனா மணி’ என்று விமானிகள் கேலி செய்வார்கள். 2011-ல் வெடித்தது இதற்கு அண்ணன் முறை. ஒரு விமானி முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும்படி இறக்கினார். பின்சக்கரங்கள்தான் முதலில் தொட வேண்டும், முன்சக்கரக் கால் அந்த எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. இறக்கிய விதத்தை விசாரிக்கப்போய் அவருடைய ஆவணங்களைத் தோண்டினார்கள். தேர்வு மதிப்பெண் சான்றிதழே போலி என்று தெரிந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான உரிமங்களை டிஜிசிஏ மறுபடி சரிபார்த்தது, கைதுகளும் நடந்தன. தேர்வும் உரிமமும் இணையத்துக்கு மாறியதில் அந்த அவமானத்துக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. 2025 பிப்ரவரியில் மின்னணு உரிமமும் வந்துவிட்டது. சீனாவுக்கு அடுத்து இதைக் கொண்டுவந்த இரண்டாவது நாடு இந்தியா.

பயிற்சிப் பள்ளி தேடுகிறவர்கள் டிஜிசிஏ 2025 அக்டோபரில் முதன்முறையாக வெளியிட்ட தரவரிசையைப் பாருங்கள். உச்ச வகைகளில் ஒரு பள்ளிகூட இல்லை. விளம்பரத்தில் ‘நம்பர் ஒன்’ என்று போட்டிருப்பவர்களிடம் இதைக் கேட்டுப்பார்க்கலாம்.

படி 3: உரிமம் வந்த பிறகு தேதிகளின் ஆட்சி

2023-ல் விதியைத் திருத்தி உரிமத்தின் ஆயுளை ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக்கினார்கள். கண்காணிப்பு தளர்ந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள், அது தவறான வாசிப்பு. உரிமம் ஒரு உறை மாதிரி. உள்ளே இருக்கும் தாள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலாவதியாகும், ஒன்று காலாவதியானாலும் விமானி தரையில்தான்.

மருத்துவச் சான்றைப் பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், 60 வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 65 வயதில் விமான நிறுவனப் பணி முடிந்துவிடும். கடந்த 90 நாளில் குறைந்தது மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். ஏ320 ஓட்டுகிறவர் நாளை போயிங் 737-ல் போய் உட்கார முடியாது, ஒவ்வொரு ரகத்துக்கும் தனி ரேட்டிங். ஆங்கிலத் திறன் நான்காம் நிலைக்குக் கீழே போகக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட விமானிகளுக்கு வயிற்றைக் கலக்குவது சிமுலேட்டர் செக். ஆண்டுக்கு இரண்டு முறை. ஏறும் வேகம் எடுத்த கணத்தில் ஒரு இன்ஜினை அணைப்பார்கள், கேபினில் புகை என்பார்கள், மேகத்தில் ஓடுதளம் தெரியாமல் கடைசி நிமிடத்தில் திரும்ப எழச் சொல்வார்கள். 20 ஆண்டு அனுபவமுள்ள கேப்டனும் இதில் தேறினால்தான் அடுத்த வாரம் பறக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த சிமுலேட்டரில் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் மூத்த கேப்டன். டிஜிசிஏ அவருக்குப் பரிசோதகர் அங்கீகாரம் கொடுத்திருக்கும், அவ்வளவுதான். உலகம் முழுக்க வழக்கம் இதுதான், வேறு வழியும் இல்லை. ஆனால் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், ஆள் பற்றாத நிறுவனத்தில், தன் சக ஊழியரை ‘ஃபெயில்’ என்று எழுதும் தெம்பு அந்தப் பரிசோதகருக்கு இருக்கிறதா என்பதுதான் நிஜமான கேள்வி.

படி 4: ஊதினால்தான் பறக்கலாம்

இந்திய விதிகளில் உலக அளவில் கடுமையானவற்றில் ஒன்று இது. பல நாடுகளில் சிறிதளவு மதுவுக்கு இடமுண்டு, சோதனையும் எப்போதாவதுதான். இங்கே பூஜ்யம். கடந்த 12 மணி நேரத்தில் குடித்திருக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. 12 மணி நேரம் தாண்டியிருந்தாலும் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

நடப்பது இப்படி. பணிக்கு வந்த விமானியும் கேபின் ஊழியரும் முதல் விமானம் ஏறுமுன் மருத்துவ அறைக்குப் போகிறார்கள். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் வெறுமனே ஒரு சோதனை எடுத்துப் பதிவு செய்கிறார்கள். பிறகு கேமரா முன்னால் ஊத வேண்டும். காட்டிக்கொடுத்தால், வாய் கொப்பளித்து, சற்று நேரம் கழித்து மறுபடி ஒரு வாய்ப்பு. அதிலும் காட்டினால் அன்றைய விமானம் அவருக்கு இல்லை, தகவல் டிஜிசிஏவுக்குப் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரும் விமானமானால், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில், இறங்கிய பிறகு ஊத வேண்டும்.

முதல் முறை சிக்கினால் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். இரண்டாம் முறை மூன்று ஆண்டு. மூன்றாம் முறை ரத்து. ஊத மறுத்தாலும், ஊதாமல் நழுவிப்போய் விமானத்தில் ஏறினாலும் சிக்கல்தான். மவுத்வாஷ், ஆல்கஹால் கலந்த மருந்து எதையும் பயன்படுத்தக் கூடாது என்று 2023-ல் விதியிலேயே எழுதிவிட்டார்கள். இருமல் சிரப் குடித்த பாவத்துக்கு மூன்று மாதச் சம்பளம் போன கதைகள் விமானிகள் வட்டத்தில் நிறைய உலவுகின்றன. என் பார்வையில், டிஜிசிஏவின் மொத்தக் கட்டுப்பாடுகளில் ஓட்டை குறைவாக இருப்பது இதில்தான். காரணம் எளிது: முடிவைச் சொல்வது ஒரு எண், மனிதரின் தயவு இடையில் இல்லை.

படி 5: தூக்கம் பற்றிய விதிகள், அவற்றின் கதி

மதுவை ஊதிக் கண்டுபிடிக்கலாம். சோர்வைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லை. அதனால் மணிக்கணக்கு வைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள், எஃப்டிடிஎல் என்பது அந்தக் கணக்கின் பெயர். ஏழு நாளில் 35 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அடுக்கடுக்காக வரம்புகள்.

ஏன் இவ்வளவு முக்கியம்? 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் மட்டும் பிழைத்தார்கள். பயணத்தின் பெரும் பகுதியில் கேப்டன் தூங்கியிருந்ததை காக்பிட் குரல் பதிவு காட்டியது. விழித்தெழுந்தவர், சரியான உயரத்தில் இல்லாத அணுகுமுறையைக் கைவிடாமல் இறங்கினார். கோ-பைலட் ‘திரும்ப எழலாம்’ என்று சொல்லியும் கேட்கவில்லை.

2024 ஜனவரியில் டிஜிசிஏ விதியைக் கடுமையாக்கியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. ‘இரவு’ என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்ததை 6 மணி வரை நீட்டினார்கள். இரவில் ஆறு தரையிறக்கம் வரை இருந்த அனுமதி இரண்டாகக் குறைந்தது. 2024 ஜூனில் அமலாகியிருக்க வேண்டும். நிறுவனங்கள் ஆளில்லை என்றன, தேதி தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் இரண்டு கட்டமாக, 2025 ஜூலை 1-லும் நவம்பர் 1-லும் அமலானது.

அடுத்து நடந்ததைப் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. அதே நாளில் டிஜிசிஏ, இரவுப் பணி விதிகள் சிலவற்றிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. விடுப்பை வார ஓய்வாகக் கணக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் திரும்பப் பெற்றது. விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்த குடும்பங்களைப் பார்த்தபோது வேறு வழி இல்லை என்று தோன்றலாம். ஆனால் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆள் எடுக்காத நிறுவனம், நெருக்கடி வந்தால் விதி வளையும் என்று கற்றுக்கொண்டது. ஒழுங்குமுறை அமைப்புக்கு இதைவிட மோசமான பாடத்தை யாரும் நடத்த முடியாது. அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது பிறகு வந்த பரிகாரம்.

படி 6: பறந்து முடித்த பிறகு பேசும் தரவு

ஒவ்வொரு பறப்பின் வேகம், உயரம், சாய்வு, தரையைத் தொட்ட விசை எல்லாம் விமானத்தில் பதிவாகின்றன. நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு அதை இறக்கிப் பார்க்கும், இதற்கு ஃபோக்வா என்று பெயர். வரம்பு மீறியிருந்தால் கேப்டனுக்கு அழைப்பு வரும். முதலில் பேச்சு, பிறகு திருத்தப் பயிற்சி, மோசமாக இருந்தால் டிஜிசிஏ வரை போகும்.

பயணிகள் மெதுவான தரையிறக்கத்துக்குக் கைதட்டுகிறார்கள். தரவு பார்க்கிறவர்களின் ரசனை வேறு. ஈர ஓடுதளத்தில் சற்றே ‘தொப்’பென்று உறுதியாக இறக்குவதுதான் சரி. மென்மையாகத் தொட வேண்டும் என்று மிதந்துகொண்டே போனால் ஓடுதளம் தீர்ந்துவிடும். 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் மழை, பின்காற்று. விமானம் ஏறக்குறைய பாதி ஓடுதளம் கடந்த பிறகே தரையைத் தொட்டது. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். நடைமுறையை மீறி, நிலைப்படாத அணுகுமுறையைத் தொடர்ந்ததே காரணம் என்றது ஏஏஐபி அறிக்கை. மங்களூருக்கும் இதற்கும் பத்தாண்டு இடைவெளி, தவறு ஒன்றே.

எனவே ஒரு விதி முக்கியம்: இறங்க முடியாமல் திரும்ப எழுந்த விமானியைத் தண்டிக்கக் கூடாது. அடுத்த முறை உங்கள் விமானம் தரைக்கு அருகில் வந்து மறுபடி மேலேறினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பவர் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

படி 7: இன்ஸ்பெக்டர் வருகிறார்

டிஜிசிஏ ஆண்டுதோறும் கண்காணிப்புத் திட்டம் போடும். முழுத் தணிக்கை, திடீர்ச் சோதனை, நள்ளிரவுச் சோதனை, விமான நிறுத்துமிடத்தில் டயரும் ஆவணமும் பார்ப்பது என்று பல வகை. எஃப்ஓஐ எனப்படும் பறப்பு ஆய்வாளர் காக்பிட்டின் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து முழுப் பயணத்தையும் கவனிப்பார். சென்னை உள்ளிட்ட மண்டல அலுவலகங்களும் இதில் இறங்கும்.

கண்டுபிடித்த குறைகளை இரண்டு நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலை என்றால் உடனே சரிசெய்ய வேண்டிய ஆபத்து, இரண்டாம் நிலைக்குக் கெடு உண்டு. 2025-ல் எட்டு நிறுவனங்களில் நடந்த தணிக்கையில் 263 குறைகள் என்று செய்தி வந்ததும் பலர் அலறினார்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரிய நிறுவனத்தில் ஆழமாகத் தேடினால் நிறையக் கிடைக்கும். குறையே இல்லை என்று வரும் அறிக்கையைத்தான் நான் சந்தேகிப்பேன். பார்க்க வேண்டியது, முதல் நிலையில் எத்தனை, போன ஆண்டுக் குறையே மறுபடி வந்திருக்கிறதா என்பதை.

பலவீனம் ஆளில் இருக்கிறது. 2025-ல் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னபடி, டிஜிசிஏவின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலி. எஃப்ஓஐ-களைப் பெரும்பாலும் விமான நிறுவன அனுபவமுள்ளவர்களிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். நேற்று சக ஊழியர், இன்று ஆய்வாளர், நாளை மறுபடி சக ஊழியர். இண்டிகோ குழப்பத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட நான்கு ஒப்பந்த ஆய்வாளர்களை டிஜிசிஏ வீட்டுக்கு அனுப்பியது.

படி 8: ஏதாவது நடந்துவிட்டால்

நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவுக்குத் தகவல் தர வேண்டும். விமானிகளைப் பணியிலிருந்து எடுப்பார்கள். இதைச் செய்திகளில் ‘சஸ்பெண்ட்’ என்று போடுவது தவறு, விசாரணை முடியும்வரை தரையில் வைப்பது வழக்கமான நடைமுறை. காக்பிட் குரல் பதிவைப் பத்திரப்படுத்துவது அவசரம். பல விமானங்களில் கடைசி இரண்டு மணி நேரம் மட்டுமே நிற்கும், அடுத்த பறப்பு அதன் மேல் பதிவாகிவிடும்.

சிறு சம்பவமானால் டிஜிசிஏவின் மேற்பார்வையில் நிறுவனத்தின் விசாரணைக் குழுவே பார்க்கும். விபத்தும் தீவிரச் சம்பவமும் ஏஏஐபிக்குப் போகும். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 பேர் இறந்தார்கள். முதற்கட்ட அறிக்கை ஜூலை 12 அன்று வந்தது, 30 நாளில் வர வேண்டும் என்பது ஐகாவோ வழக்கம். அந்த அறிக்கையின் ஒரே ஒரு வரியை வைத்து விமானிகளைக் குற்றவாளியாக்கிய தொலைக்காட்சிகள், முதற்கட்ட அறிக்கை காரணம் சொல்வதற்கு எழுதப்படுவதில்லை என்பதைப் பொருட்படுத்தவே இல்லை.

படி 9: தண்டனை

காரணம் கேட்கும் நோட்டீஸ், பதில், பிறகு எச்சரிக்கை, நிறுத்தம், ரத்து. மேல்முறையீடும் உண்டு. நிறுவனத்துக்கு அபராதம்: 2020 திருத்தத்தில் உச்ச வரம்பு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடியானது. பெண் தோழியை காக்பிட்டில் உட்காரவைத்த விமானிக்கு 2023-ல் மூன்று மாத நிறுத்தம், ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் அபராதம். பணி நேர மீறலுக்காக 2024 மார்ச்சில் அதே நிறுவனத்துக்கு 80 லட்சம். பெரிய நிறுவனத்துக்கு இது சில்லறைக் காசு. உண்மையில் வலித்தது 2022 ஜூலையில் ஸ்பைஸ்ஜெட்டுக்குக் கிடைத்த தண்டனை: எட்டு வாரங்களுக்குப் பாதி விமானங்களை மட்டுமே இயக்கலாம். 2025 ஜூனில் ஏர் இந்தியாவில் ரோஸ்டர் போடும் பொறுப்பிலிருந்து மூன்று அதிகாரிகளை நீக்கச் சொன்னதும் சரியான திசை. தூங்காத விமானியை மட்டும் பிடித்துவிட்டு, அவரைத் தூங்கவிடாமல் அட்டவணை போட்டவரை விட்டுவிட்டால் என்ன பயன்?

படி 10: நீங்கள் எங்கே பார்க்கலாம்

கார் தொகுப்பு முழுவதும் டிஜிசிஏ தளத்தில் இலவசம். ஏழாம் பிரிவு விமானிகள், எட்டாம் பிரிவு பறப்பு நடைமுறை, ஐந்தாம் பிரிவு பாதுகாப்பு. மாதந்தோறும் வரும் போக்குவரத்து அறிக்கையில் எந்த நிறுவனம் எவ்வளவு ரத்து செய்தது, எவ்வளவு தாமதம் என்பது இருக்கும். விபத்து அறிக்கைகள் ஏஏஐபி தளத்தில். நூறு பக்கத்தையும் படிக்க நேரமில்லை என்றால் கடைசியிலிருந்து தொடங்குங்கள்: முதலில் பரிந்துரைகள், பிறகு காரணம், பிறகு பழைய விபத்து அறிக்கையின் பரிந்துரைகளோடு ஒப்பிடுங்கள். ஒரே பரிந்துரை இரண்டு அறிக்கையிலும் இருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அது என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் டிஜிசிஏவுக்கு மனு போடலாம். கட்டணம் பத்து ரூபாய்.